ஓமன் எட்டாவது, அமெரிக்கா முப்பத்தேழாவது: சுகாதார உரிமையை எப்படி அளப்பது?

2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஒரு பட்டியலை வெளியிட்டது. 191 நாடுகளின் சுகாதாரக் கட்டமைப்புகள் எவ்வளவு நன்றாகச் செயல்படுகின்றன என்ற தரவரிசை அது. முதலிடம் பிரான்சுக்கு, இரண்டாமிடம் இத்தாலிக்கு. அதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் எட்டாம் இடத்தில் ஓமன் இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உலகிலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவழிக்கும் அமெரிக்கா 37ஆம் இடத்தில் இருந்தது. இலங்கை 76, வங்கதேசம் 88, இந்தியா 112, பாகிஸ்தான் 122.

அமெரிக்காவில் இந்த எண் பெரும் சலசலப்பை ஏற்படுத்தியது. இன்றும் அங்கே மருத்துவக் காப்பீடு பற்றிய வாதம் எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் 37ஐ எடுத்துப் போடுவார். ஓமனுக்கு அப்படியோர் இடம் எப்படிக் கிடைத்தது என்று நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். 1970ல் சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்தபோது அந்த நாட்டில் மருத்துவமனைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று ஐந்து வயதைக் காணவில்லை. முப்பதே ஆண்டுகளில் அந்த மரணம் ஆயிரத்துக்கு இருபதுக்கும் கீழே இறங்கியது. எண்ணெய்ப் பணம் இருந்தது உண்மைதான். ஆனால் எண்ணெய்ப் பணம் இருந்த எல்லா நாடுகளிலும் இது நடக்கவில்லை.

பட்டியலுக்குக் கடும் விமர்சனங்களும் வந்தன. பல நாடுகளுக்குப் போதிய தரவே இல்லை. இல்லாத இடங்களை மதிப்பீடுகளால் நிரப்பியிருந்தார்கள். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதும் சர்ச்சைக்குரியதாக இருந்தது. அந்த நிறுவனம் அதன் பிறகு அப்படியொரு தரவரிசையை வெளியிடவே இல்லை. ஆனால் கேள்வி போய்விடவில்லை. ஓர் அரசு தன் மக்களின் உடல்நலத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்கிறதா இல்லையா என்பதை எப்படிச் சொல்வது?

"செய்ய வேண்டியது" என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். 1966ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, அடையக்கூடிய மிக உயர்ந்த உடல், மன நலத்தை ஒவ்வொரு மனிதரின் உரிமையாக அறிவிக்கிறது. இந்தியா 1979லும் இலங்கை 1980லும் இதில் சேர்ந்தன. வங்கதேசம் 1998ல் சேர்ந்தது, பாகிஸ்தான் 2008ல் ஏற்புறுதி செய்தது. அமெரிக்கா 1977ல் கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை.

நோயே வராமல் இருக்கும் உரிமை என்று இதற்குப் பொருளில்லை. அதை எந்த அரசாலும் தர முடியாது. மருத்துவ வசதி இருக்க வேண்டும், அது எல்லாருக்கும் எட்ட வேண்டும், மக்களின் கண்ணியத்துக்கும் பண்பாட்டுக்கும் ஒத்துப்போக வேண்டும், தரமாகவும் இருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் ஐ.நா. குழு ஒன்று விளக்கம் எழுதியது. குடிநீரும் கழிப்பிடமும் சத்துள்ள உணவும் இதில் அடக்கம் என்றும் சொன்னது.

சிக்கல் உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவில் இருக்கிறது. அரசு தன்னிடம் இருக்கும் வளங்களை இயன்ற அளவு முழுமையாகப் பயன்படுத்தி, இந்த உரிமைகளைப் படிப்படியாக நிறைவேற்ற வேண்டும் என்கிறது அது. நியாயமான பேச்சுதான். ஏழை நாட்டிடம் ஜப்பானின் மருத்துவமனையைக் கேட்க முடியாது. ஆனால் பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்பும் அரசுக்கு இதைவிட வசதியான வாசகம் கிடைக்குமா? "நாங்கள் ஏழை நாடு, படிப்படியாகச் செய்துகொண்டிருக்கிறோம்" என்று ஐம்பது ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருக்கலாம். பொய் என்று நிரூபிக்க வழியில்லை.

இருப்பதை வைத்து அளத்தல்

இந்த இடத்தில்தான் மூன்று பெண் ஆய்வாளர்கள் வந்தார்கள். ஐ.நா.வின் மனித மேம்பாட்டு அறிக்கைகளை முன்பு இயக்கிய சகிகோ ஃபுகுடா-பார், டெர்ரா லாசன்-ரீமர், பொருளியலாளர் சூசன் ராண்டால்ஃப். சமூக, பொருளாதார உரிமைகளின் நிறைவேற்றத்தை அளக்கும் ஒரு குறியீட்டை அவர்கள் உருவாக்கினார்கள். அதை விளக்கும் அவர்களின் நூல் 2015ல் வெளிவந்தது, 2019ல் கிராமெயர் விருதையும் பெற்றது. இப்போது நியூசிலாந்தை மையமாகக் கொண்ட மனித உரிமைகள் அளவீட்டு முன்முயற்சி என்ற அமைப்பு இதே முறையில் நாடுகளுக்கு மதிப்பெண் இட்டு வருகிறது.

ஜகாத் கணக்கிட்டுப் பழகிய நம் வாசகர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். ஒருவர் ஆயிரம் ரூபாய் கொடுத்தார், இன்னொருவர் ஒரு லட்சம் கொடுத்தார் என்பதை மட்டும் வைத்து யார் கடமையை நிறைவேற்றியவர் என்று நாம் சொல்வதில்லை. அவரவரிடம் என்ன இருந்தது என்று முதலில் பார்க்கிறோம். இந்தக் குறியீடும் அதைத்தான் செய்கிறது.

செய்முறை இப்படி. உலக நாடுகளின் தனிநபர் வருமானத்தையும், குழந்தைகள் ஐந்து வயதைத் தாண்டி உயிர்பிழைக்கும் விகிதத்தையும் பல ஆண்டுகளுக்கு எடுத்து ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக இடுகிறார்கள். ஒவ்வொரு வருமான மட்டத்திலும் எந்த நாடாவது எட்டிய மிகச் சிறந்த நிலை எது என்று பார்த்து, அந்த உச்சப் புள்ளிகளைக் கோடாக இணைக்கிறார்கள். அந்தக் கோடுதான் எல்லைக்கோடு. இவ்வளவு வருமானத்தில் இவ்வளவு முடியும் என்று உண்மையில் ஒரு நாடு செய்து காட்டியது அது. உங்கள் நாடு அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதே மதிப்பெண்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நாட்டில் 1,000 குழந்தைகளுக்கு 60 பேர் ஐந்து வயதுக்குள் இறக்கிறார்கள். அதே வருமானத்தில் 20 வரை குறைக்க முடியும் என்று இன்னொரு நாடு காட்டியிருக்கிறது. மிக மோசமான நிலை 220 என்று வைத்துக்கொள்வோம். 220க்கும் 20க்கும் இடையே 200 படிகள். இந்த நாடு ஏறியது 160 படி. ஆக, மதிப்பெண் 80 விழுக்காடு. மீதி 20 விழுக்காட்டுக்கு வறுமையைக் காரணம் காட்ட முடியாது. அதே அளவு வறுமையில் இன்னொருவர் ஏறிவிட்டாரே! பணக்கார நாடு உச்சத்தை எட்டத் தவறினால் கூடுதலாக மதிப்பெண் குறைக்கும் ஏற்பாடும் மூலக் குறியீட்டில் இருக்கிறது.

குழந்தைகளின் உயிர்பிழைப்போடு, பெரியவர்கள் 15 வயதிலிருந்து 60 வயதுவரை உயிரோடு இருக்கும் வாய்ப்பையும், குடும்பக் கட்டுப்பாட்டு வசதி தேவைப்படுவோருக்கு அது கிடைக்கிறதா என்பதையும் சேர்த்தே சுகாதார மதிப்பெண் போடுகிறார்கள். மூன்றாவது அளவுகோலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள், பயிற்சி பெற்றவர் பிரசவம் பார்ப்பதை ஏன் எடுக்கவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. எந்தக் குறியீட்டிலும் தேர்ந்தெடுப்பவரின் பார்வை கலந்தே இருக்கும்.

இந்த முறையில் பார்க்கும்போது படம் எப்படி மாறுகிறது என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் உதாரணம். எக்குவடோரியல் கினியா எண்ணெய் வளம் கொண்ட சிறு நாடு. ருவாண்டாவைவிடப் பல மடங்கு தனிநபர் வருமானம். அங்கே 1,000 குழந்தைகளில் எழுபதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் இறக்கிறார்கள். 1994ல் இனப்படுகொலையால் நிலைகுலைந்த ருவாண்டாவில் அது ஏறத்தாழ நாற்பது.

ஒரே நாடாக இருந்த இரண்டு நாடுகள்

நம் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வங்கதேசமும் பாகிஸ்தானும். 1971வரை ஒரே நாடு. போர், வெள்ளம், பஞ்சம் எல்லாவற்றோடும் பிறந்தது வங்கதேசம். 1990ல் இரு நாடுகளிலும் 1,000 குழந்தைகளில் சுமார் 140 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள், வங்கதேசத்தில் சற்றுக் கூடுதலாகவே. அப்போது பாகிஸ்தானின் தனிநபர் வருமானம் அதிகம். இன்று வங்கதேசத்தில் அது சுமார் 30. பாகிஸ்தானில் 60ஐ ஒட்டி. இந்தியாவும் இன்று வங்கதேசத்தின் அளவில்தான் இருக்கிறது. ஆனால் 2010 வாக்கில் இந்தியாவின் தனிநபர் வருமானம் வங்கதேசத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தும், குழந்தைகளைக் காப்பதில் வங்கதேசம் முந்தியிருந்தது என்பதை அமர்த்தியா சென்னும் ஜான் டிரேஸும் தங்கள் நூலில் சுட்டிக்காட்டினார்கள்.

எப்படி முடிந்தது? பெரிய மருத்துவமனைகளால் அல்ல. 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பும் வெல்லமும் கலந்த நீர் தயாரிப்பதைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரல் நுனியில் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். அளவுக் கரண்டி எந்தக் குடிசையிலும் இருக்காது என்பதால் விரலும் கையுமே அளவு. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இப்படிப் போனார்கள். பெண்களிடம் மட்டும் பேசினால் போதாது என்று தெரிந்ததும், ஆண் பணியாளர்கள் கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் ஆண்களிடம் விளக்கினார்கள்.

அளவீடு பற்றிய கட்டுரையில் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்து அந்தப் பணியாளருக்குச் சம்பளம் தரவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், கற்றுக்கொண்ட தாய்மார்களில் சிலரிடம் கேட்பார். அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ அதற்கேற்பக் கூலி. கற்பித்ததற்கு அல்ல, கற்றதற்குப் பணம். நம் அரசுத் துறைகளின் ஆண்டறிக்கைகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இத்தனை முகாம் நடத்தினோம், இத்தனை துண்டுப் பிரசுரம் கொடுத்தோம் என்றுதான் இருக்கும்.

தடுப்பூசியும் அப்படியே. மூன்று தவணை முத்தடுப்பு ஊசி 1985ல் நூற்றுக்கு இரண்டு குழந்தைகளுக்குக்கூடச் சரியாகப் போய்ச் சேரவில்லை. 1990ல் அறுபதைத் தாண்டிவிட்டது. 1982ல் தேவையற்ற மருந்துகளை ஆயிரக்கணக்கில் விலக்கி, அவசிய மருந்துகளை உள்நாட்டிலேயே தயாரிக்க வழிசெய்த மருந்துக் கொள்கையும் வந்தது. அதற்காகப் போராடியவர்களில் முதன்மையானவர் மருத்துவர் ஜஃப்ருல்லா சவுத்ரி.

பாகிஸ்தானும் சும்மா இருக்கவில்லை. 1994ல் தொடங்கிய பெண் சுகாதாரப் பணியாளர் திட்டம் உலகின் பெரிய திட்டங்களில் ஒன்று. ஆனால் அரசின் சுகாதாரச் செலவு பல ஆண்டுகளாக நாட்டு வருமானத்தில் ஒரு விழுக்காட்டை ஒட்டியே நின்றது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2011ல் உசாமா பின் லாதினைத் தேடிய அமெரிக்க உளவுத்துறை, அபோட்டாபாத்தில் போலியான ஹெபடைடிஸ் தடுப்பூசி முகாமை நடத்தியது. அது வெளியே தெரிந்தபின் தடுப்பூசிக்காரர்கள் மீதிருந்த நம்பிக்கை சரிந்தது. போலியோ பணியாளர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். இந்தக் குறியீட்டில் அதன் பழியும் பாகிஸ்தான் அரசின் கணக்கில்தான் விழும். ஓர் அரசுக்கும் அதன் மக்களுக்கும் இடையே உள்ளதை மட்டுமே அது பார்க்கிறது. மருந்தையும் மருத்துவக் கருவியையும் பிற நாட்டுக்குத் தடுக்கும் தடைகளை எந்த நேரத்திலும் விதிக்கக் கூடாது என்று அதே ஐ.நா. குழுவின் 2000ஆம் ஆண்டு விளக்கம் சொல்கிறது. தடை விதித்த நாட்டுக்கு மதிப்பெண் குறைக்கும் வழி இந்தக் கணக்கில் இல்லை.

சராசரிக்குள் இருப்பவர்கள்

வங்கதேசத்தை அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட வேண்டாம். அங்கே மருத்துவத்துக்காகச் செலவாகும் ஒவ்வொரு பத்து ரூபாயிலும் ஏழு ரூபாய் நோயாளியின் சட்டைப்பையிலிருந்து போகிறது. குழந்தை பிழைத்தது. அதற்காக வீட்டு மாடு விற்கப்பட்டதா, நிலம் அடகு போனதா என்பதை உயிர்பிழைப்பு எண் சொல்லாது.

சராசரி மறைக்கும் இன்னொன்று, சராசரிக்குள் யார் இருக்கிறார்கள் என்பது. எல்லைக்கோட்டின் அருகே நிற்கும் நாடு என்று இலங்கையைப் புகழாத சுகாதார ஆய்வாளர் இல்லை. 2016ல் எடுத்த ஆய்வின்படி அங்கே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் 17 விழுக்காடு. மலையகத் தமிழர் வாழும் தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 32 விழுக்காடு. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் கேரளத்தில் ஆயிரத்துக்கு 5, உத்தரப் பிரதேசத்தில் 60. அமெரிக்காவில் 2022ல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு வெள்ளையினத் தாய்மார் 19 பேர் இறந்தபோது, கறுப்பினத் தாய்மார் 49 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அப்படியானால் இந்திய முஸ்லிம்கள்? வருமானத்திலும் கல்வியிலும் பின்தங்கிய சமூகம், குழந்தை மரணத்திலும் மோசமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்கின்றன. 1990கள் முதல் 2005-06 வரையிலான தேசியக் குடும்பநல ஆய்வுகளில், முஸ்லிம் குடும்பங்களில் ஒரு வயதுக்குள் நிகழும் மரணம் இந்துக் குடும்பங்களைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு குறைவு. இதை ஒரு புதிர் என்றே பொருளியலாளர்கள் நீண்டகாலம் எழுதிவந்தார்கள். மைக்கேல் கெருசோவும் டீன் ஸ்பியர்ஸும் 2018ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு விடை சொன்னது. கழிப்பறை. ஏழ்மையிலும் முஸ்லிம் குடும்பங்கள் திறந்தவெளியில் மலம் கழிப்பது குறைவு. அக்கம்பக்கத்தில் மலம் கிடக்காததால் குழந்தைகளுக்குத் தொற்று குறைகிறது. முஸ்லிம்கள் அதிகம் வாழும் இடங்களில் இந்துக் குழந்தைகளும் அதிகம் பிழைக்கிறார்கள் என்பதையும் அவர்கள் காட்டினார்கள்.

படித்தவுடன் பெருமையாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுப்போம். 2006ன் சச்சார் குழு அறிக்கை என்ன சொன்னது? முஸ்லிம்கள் கணிசமாக வாழும் பெரிய கிராமங்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் எந்த மருத்துவ வசதியும் இல்லை. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குழந்தைகளைக் காத்தது குடும்பங்களின் சுத்தப் பழக்கம். அரசு தரவேண்டிய மருத்துவமனை வரவில்லை. ஆனால் உயிர்பிழைப்பை மட்டும் பார்க்கும் குறியீட்டில் அந்த மதிப்பெண் அரசின் கணக்கில் ஏறிவிடும். "உங்கள் குழந்தைகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்று அதிகாரி ஒருவர் அந்த எண்ணையே நம்மிடம் திருப்பிக் காட்டவும் கூடும். ஆகவே விளைவை அளக்கும்போது, அரசு கொடுத்தது என்ன என்பதையும் தனியே அளக்க வேண்டும். 2008ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு அதைத்தான் முயன்றது. சட்டம், நிதி, பணியாளர், மருந்து என்று 72 அளவுகோல்களை வைத்து 194 நாடுகளைப் பார்த்தார்கள். ஐ.நா.வின் முதல் சுகாதார உரிமைச் சிறப்பு அறிக்கையாளரான பால் ஹன்ட்டும் அதில் பங்கெடுத்தார்.

எண் எங்கிருந்து வருகிறது?

இவ்வளவு எண்களையும் நாம் நம்பிப் பேசுகிறோம். ஏழை நாடுகள் பலவற்றில் இறப்புப் பதிவு முழுமையாக இல்லை. குழந்தை மரணக் கணக்கின் பெரும்பகுதி, வீட்டுக்கு வந்து ஒரு தாயிடம் கேட்பதிலிருந்து வருகிறது. எத்தனை குழந்தை பெற்றீர்கள்? எப்போது? எல்லாரும் உயிரோடு இருக்கிறார்களா?

இதில் பொய் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈராக் சான்று. பொருளாதாரத் தடையால் குழந்தை மரணம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது என்று 1999ல் வந்த ஆய்வு உலகை உலுக்கியது. ஐந்து லட்சம் குழந்தைகள் என்ற எண்ணை நம் மேடைகளிலும் கேட்டிருப்போம். 2003க்குப் பின் எடுத்த ஆய்வுகள் எதிலும் அந்த உயர்வு தெரியவில்லை. சதாம் அரசின் காலத்துத் தரவு திரிக்கப்பட்டது என்று 2017ல் இரு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மருத்துவக் குழும இதழ் ஒன்றில் எழுதினார்கள். தடை கொடுமையானது, மக்கள் மருந்தும் உணவும் இன்றித் தவித்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண் தவறு. தவறென்று தெரிந்தபின் அதை நாம் சொல்லக் கூடாது.

பொய்யைவிடப் பெரிய ஆபத்து, கேட்க ஆளே இல்லாமல் போவது. மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் என்ற பெயரில் 1984 முதல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நானூறுக்கும் அதிகமான வீட்டு ஆய்வுகள் நடந்தன. செலவை ஏற்றது அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனம். நாம் மேலே சொன்ன எண்களில் பல அந்த ஆய்வுகளிலிருந்தோ அதே முறையிலிருந்தோ வந்தவை. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை வெட்டியபோது அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் ஆய்வு பாதியில் நின்றது. தனியார் அறக்கட்டளையின் இடைக்கால உதவியால் சில மட்டும் மீண்டும் தொடங்கின.

இந்தியாவைப் போலச் சொந்தப் பணத்தில் ஆய்வு நடத்தக்கூடிய நாடுகள் சமாளித்துக்கொள்ளும். முடியாத நாடுகளில் மதிப்பெண் நின்றுவிடாது. கடைசியாக எடுத்த ஆய்வை வைத்துக் கணினி மதிப்பிட்டு, ஆண்டுதோறும் ஓர் எண்ணைத் தந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணில் இருப்பது ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் சொன்ன பதில். இந்த ஆண்டு அந்த வீட்டில் இறந்த குழந்தை அதில் இருக்காது.